பெரிய டிரம் உபயம்: ஜமால் பாய்

ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குப் பாட்டு தெரிகிறதோ இல்லையோ, நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து "கொஞ்சம் ஏத்து" என்று சொல்லும்போது முகத்தில் சிரிப்பு மாறாமல் உட்காரத் தெரிய வேண்டும். நீங்கள் தையல் கடை வைத்திருக்கலாம், சலூன் வைத்திருக்கலாம், கல்யாண சமையல் செய்பவராக இருக்கலாம். "லூசா தைச்சிடு, ஆனா டைட்டா இருக்கணும்" என்ற ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் என் வயிற்றெரிச்சலை உங்களிடம் தைரியமாகக் கொட்டலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், காக்களூரில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் வேலையை உதறிவிட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே ஸ்டுடியோ திறந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. என் மனைவி முதல்முறை பார்த்துவிட்டு, கோழி எங்கே என்று கேட்டாள்.

மாடியில் இடி

ஆரம்பத்தில் நிஜ டிரம்ஸை வைத்துத்தான் பார்த்தேன். வாசித்தவர் லாரன்ஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, மற்ற நேரத்தில் கல்யாணக் கச்சேரி. வேலை நேரம் முழுக்க இரும்பு அடிபடுகிற சத்தத்திலேயே நிற்கிறவர் என்பதால், மெதுவாக வாசிப்பது என்றால் என்ன என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. டிரம்ஸை ஆட்டோவில் கட்டிக்கொண்டுவந்து, மூச்சிரைக்க மாடியேற்றி, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாசிக்கத் தொடங்கினார்.

பல்லவி முடியவில்லை. கீழே மண்டியில் அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் கூரையிலிருந்து காரை உதிர ஆரம்பித்திருக்கிறது. மண்டிக்காரர்தான் எனக்கு வீட்டு ஓனரும். படியேறி வந்தார். கோபமாகவெல்லாம் வரவில்லை. விவரம் தெரிந்துகொண்டு போக வந்தவர் மாதிரி வாசலில் நின்று கேட்டார்: "நைனா, நீ பாட்டு எடுக்கறியா, இல்ல ஊட்ட இடிச்சிக் கட்டப்போறியா? முன்னாடியே சொல்லிட்டன்னா மூட்டைய வேற எடத்துல எறக்கிக்குவேன்."

தலைவலிக்கு வைத்தியம்

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிரம்ஸுக்கு மாறினேன். பிளக்-இன் என்பார்கள். எங்கோ வெளிநாட்டில், நல்ல அறையில், நல்ல டிரம்ஸை ஒவ்வோர் அடியாகப் பதிவு செய்து உள்ளே போட்டு வைத்திருப்பார்கள். லாரன்ஸ் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் பெரிய டிரம் 'டும்' என்னும். அடுத்ததைத் தட்டினால் சின்ன டிரம் 'டப்' என்னும். இன்னொன்றில் சிம்பல் 'ச்சிங்' என்னும். கூரை பிழைத்தது, மூட்டை பிழைத்தது. லாரன்ஸுக்கு மட்டும் மனக்குறை. வியர்க்காமல் வாசித்தால் வாசித்த மாதிரியே இல்லை என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. இத்தனை டிரம்மும் ஒன்றாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸரில் ஒரே சேனல் வழியாகத்தான் வெளியே வரும். ஏற்றினால் எல்லாம் ஏறும், இறக்கினால் எல்லாம் இறங்கும். பொன்னேரியிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர், ஆட்டோவில் கட்டி ஊர்ஊராக ஒலிபரப்ப ஒரு தீபாவளி விளம்பரப் பாட்டு கேட்டு வந்தார். பாட்டெல்லாம் பிரமாதம், அந்த 'டும்' மட்டும் தலையை வலிக்கிறது, அதைக் குறை என்றார்.

குறைத்தேன். டும் போனது. கூடவே டப்பும் சிம்பலும் போயின. தாளமே இல்லாமல் அந்தப் பாட்டு பட்டுப்புடவைத் தள்ளுபடியை இரங்கல் கூட்டத்தில் அறிவிப்பதுபோல் கேட்டது. பதறி ஏற்றினேன். டும்மும் திரும்பி வந்துவிட்டது. இப்படி நான் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தல வலிக்குதுன்னா தைலம் தடவுவாங்க. நீ இன்னாடான்னா தலையவே கழட்டி ஓரமா வச்சிட்டியே தம்பி."

லாரன்ஸின் சொந்தக்காரர்கள்

அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தேடினேன். என்னுடைய அதே கேள்வியை யாரோ ஒரு வெள்ளைக்காரர் கேட்டிருந்தார். இன்னொரு வெள்ளைக்காரர் அவரைத் திட்டியிருந்தார். மூன்றாமவர் இருவரையும் திட்டிவிட்டுப் பதில் சொல்லியிருந்தார். உலகத்தின் அந்தக் கோடியிலும் நம்மைப் போலவே ஒருவர் அவதிப்படுகிறார் என்பதில் எனக்கு அத்தனை ஆறுதல்.

பதில் இதுதான். அந்த பிளக்-இன்னில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குச் சத்தம் வெளியே வர ஒரே வழி. இன்னொன்றுக்குப் பல வழி. பல வழி உள்ளதைப் பார்த்துப் பாட்டுக்குள் ஏற்ற வேண்டும். பிறகு பெரிய டிரம்முக்கு முதல் வழி, சின்ன டிரம்முக்கு இரண்டாவது வழி என்று உள்ளே ஒவ்வொன்றுக்கும் கைகாட்டிவிட்டு, மிக்ஸரிலும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு சேனல் திறக்க வேண்டும். மண்டியில் ரகம் ரகமாகத் தனித்தனி மூட்டையில் பிடிப்பதுபோன்ற வேலைதான். கவனம் தப்பி ஒரே வழி உள்ளதை ஏற்றிவிட்டால், அத்தனை ரகமும் பழையபடி முதல் மூட்டையிலேயே கொட்டும்.

படித்தபோது சுலபமாகத்தான் இருந்தது. வந்து செய்தபோது, பாடகர் குரலுக்கு எதிரொலி கொடுப்பதற்காக நான் தனியாக வைத்திருந்த சேனலுக்குள் சிம்பலை அனுப்பிவிட்டேன். லாரன்ஸ் ஒரு தட்டு தட்டினார். அது போய், திரும்பி வந்து, மறுபடியும் போய், யாரையோ கூட்டிக்கொண்டு வந்தது. அவர் விரலைத் தூக்கிவிட்டு, சத்தம் அடங்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நான் ஒருத்தன்தான் வாசிச்சேன். எங்க ஊட்டு ஆளுங்க மொத்தமும் வந்து வாசிச்சிட்டுப் போறாங்களே, இவங்களுக்கெல்லாம் நாஷ்டா யாரு வாங்கித் தருவா?"

பாயின் கணக்கு

ஒருவழியாகக் கைவந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டுடியோவுக்கு யார் வந்தாலும், வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னால் என் மிக்ஸரைத் திறந்து காட்டுவேன். வரிசையாகச் சேனல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தின் பெயர், ஏற்றி இறக்க ஒரு கட்டை, அந்த வாத்தியம் ஒலிக்கும்போது துள்ளுகிற ஒரு பச்சை விளக்கு. தீப்பெட்டி வாங்க வந்தவராக இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர் ஜமால் பாய். பழவேற்காட்டில் அவர்கள் குடும்பத்துக்குக் கருவாட்டு வியாபாரம். கவரைப்பேட்டை கடைத்தெருவிலும் ஒரு கடை உண்டு. மகள் கல்யாணத்துக்காகத் தம்பி மகன் ஒரு வாழ்த்துப் பாட்டு எழுதியிருந்தான். அதைச் சிடியாகப் போட்டு விருந்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஆசை. நான் அந்தச் சின்னப் பாட்டுக்கு என்னிடம் இருந்த அத்தனை சேனலையும் திறந்து, எல்லா டிரம்மையும் முழங்கவிட்டு, பெருமையோடு திரும்பினேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். கடையில் சரக்கைக் கையிலெடுத்துப் பார்க்கும் அதே நிதானம். "எல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. ரெண்ட மட்டும் வச்சிக்கினு மீதிய மூடிடு. எங்க ஊட்டு கல்யாணத்துல இத்தினி பேருக்கு பிரியாணி பத்தாது."

ரயிலைக் கேட்டுப் பாடியவள்

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் ஆடித் திருவிழாவுக்கு வழக்கமாக எங்கோ வாங்கிய அம்மன் பாட்டுக் கேசட்டையே கோன் ஸ்பீக்கரில் தேயவிடுவார்கள். கடைசி நாள் கச்சேரிக்குச் சென்னையிலிருந்து பாடகியை அழைத்து வருவார்கள். அந்த வருஷம் மட்டும், நம் ஊர் அம்மனுக்கு நம் ஊர்ப் பெண்ணே பாடிச் சிடி போடலாம் என்று விழாக் குழுவுக்குத் தோன்றியது. சிடி நல்லபடி வந்தால் கடைசி நாள் மேடையிலும் அவளே பாடலாம் என்று பேச்சு.

அவள் பெயர் மஞ்சுளா. சிப்காட்டில் ஒரு ஒயர் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஊரில் நடவுக்கும் நலங்குக்கும் அவள் பாடினால்தான் பாட்டு. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சூளூர்ப்பேட்டை. அதற்கப்புறம் பாட்டாவது ஒன்றாவது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மைக்கில் பாடி அவள் குரலை அவள் கேட்டதே இல்லை. ஆக, மேடை ஏறுவதென்றால் இந்த ஆடி ஒன்றுதான். அது இந்தச் சிடியில் அவள் குரல் எப்படிக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

ஷிப்ட் முடிந்து, ரயிலில் இறங்கி, தோளில் டிபன் பையோடு அப்படியே வருவாள். பையை இறக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தால் எனக்குக் கணக்கு வழக்கெல்லாம் மறந்துவிடும். மெருகு கிருகு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் குரல் நேராக நம்மிடம்தான் வருகிறது என்று தோன்றும். ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதால் என் மைக்கில் பாதி நேரம் ரயில்தான் பாடும். தினம் அதே தண்டவாளத்தில் போய்வருகிறவள் என்பதால் எனக்குக் கேட்பதற்கு முன்பே அவளுக்குக் கேட்டுவிடும். சரணத்தின் நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டுச் சொல்வாள்: "இப்ப வர்றது கூட்ஸுண்ணா, நீளமா இருக்கும். நீங்க போயி டீ குடிச்சிட்டே வந்துடுங்க."

முதல் மரியாதை

பாட்டுக்கு லாரன்ஸ் தாளம் போட்டார். அம்மன் பாட்டாயிற்றே என்று, பம்பை, உடுக்கை, சலங்கை வாசிப்பவர்களை வரவழைத்து ஒவ்வோர் அடியாகப் பதிவு செய்து, அதையும் பிளக்-இன்னுக்குள் ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல். விழாக் குழு கேட்க வந்தது. தலைவர் எத்திராஜ், மேட்டுத் தெரு. பொருளாளர் தேசப்பன், ஏரிக்கரைத் தெரு. இருவருக்கும் நல்ல நஞ்சை நிலம் உண்டு, ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேசும் பழக்கம் இல்லை. கூட நாலைந்து பேர். எல்லோரும் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். தேசப்பன் மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார்.

பாட்டு ஓடியது. யாரும் பாட்டைக் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் மிக்ஸரில். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் இடம், ஒரு பெயர் என்று நான் விளக்கியதுதான் தாமதம், எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊர்ல டியூப்லைட்டுலருந்து கூழு ஊத்தற குண்டான் வரைக்கும் உபயம் போட்டுத்தான செய்யறோம்? இத்த மட்டும் இன்னாத்துக்கு சும்மா உட்டு வக்கணும்?" என்றார். ஆளுக்கொரு வாத்தியம் உபயம் என்று முடிவாயிற்று. பம்பை தேசப்பன் உபயம். உடுக்கை எத்திராஜ் உபயம். சலங்கையும் சிம்பலும் கூட வந்தவர்கள் உபயம். நான் பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். பாட்டு எழுதியவர் பெயரைக்கூட அத்தனை கவனமாக நான் அடித்ததில்லை.

முதல் சேனலில் சிக்கிக்கொண்டது. அது பெரிய டிரம். வரிசையில் முதலாவது. அதில் யார் பெயர் என்று கேட்டேன். முதல் மரியாதை மேட்டுத் தெருவுக்கா, ஏரிக்கரைத் தெருவுக்கா என்பது அந்த ஊரில் நெடுநாளாகத் தீராத வழக்கு. எந்தப் பெயரை அடித்தாலும் மற்றவர் எழுந்து போய்விடுவார், சிடி அதோடு நின்றுவிடும். கடைசியில் யாரோ, ஜமால் பாய் பெயரைப் போடலாமே என்றார்கள். அந்த ஊரில் ஆடிக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு வருஷா வருஷம் அவர் உபயம்தான். இரண்டு தெருவுக்கும் பொது மனிதர். அன்று அவர் சரக்கு விஷயமாக நாயுடுபேட்டை போயிருந்தார். அங்கே இல்லாதவருக்கு முதல் மரியாதை கொடுப்பதில் இருவருக்கும் எவ்வளவு நிம்மதி.

பிறகு ஆளுக்கு ஆள் மவுஸைப் பிடித்தார்கள். என்னை ஏற்றவிடவில்லை. தேர் வடத்தைத் தானே தொட்டால்தானே புண்ணியம்? தேசப்பன் பம்பையை ஏற்றினார். எத்திராஜ் உடுக்கையை அதற்கு மேல் ஏற்றினார். சலங்கைக்காரரும் சிம்பல்காரரும் சும்மா இருப்பார்களா? கடைசியில் மொத்தப் பாட்டையும் ஓடவிட்டுக் கேட்டபோது, அம்மன் ஊர்வலத்தில் நெரிசல் ஏற்பட்ட மாதிரி இருந்தது. மஞ்சுளாவின் குரல் எங்கோ கூட்டத்தில் காணாமல் போயிருந்தது.

"பொண்ணு கொரலே கேக்கலியே நைனா" என்றார் எத்திராஜ். "இதுக்கு மெட்ராஸ்லேருந்தே ஆள இட்டாந்துடலாம்." ஷிப்ட் முடிந்து வந்த மஞ்சுளா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. தனித்தனிச் சேனல் என்று ஊருக்கெல்லாம் பெருமை பீற்றியவன் நான்தானே. ஒரே ஒரு தரம், வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்று எழுந்தார்கள். படியிறங்கும்போது தேசப்பன் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வரோம். ஆனா பேர மட்டும் கலைச்சிடாத தம்பி. எங்க கையாலதான் ஏத்துவோம்."

ஞாயிற்றுக்கிழமை கரண்ட்

அந்த வாரம் முழுக்க மிக்ஸர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாக் கட்டையையும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். என்ன வைத்து என்ன? அவர்கள் வந்து தங்கள் கையால் ஏற்றத்தான் போகிறார்கள். மஞ்சுளாவின் குரல் கேட்கவில்லையென்றால் அவளுக்கு மேடையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படியேறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள், மஞ்சுளா மட்டும் அன்றும் கதவோரம் நின்றாள். கரண்ட் வந்ததும் பாட்டைத் திறந்தால், டிரம்ஸ் பிளக்-இன் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. வியர்த்து விறுவிறுத்து அதைப் புதிதாக ஏற்றினேன். பம்பை, உடுக்கை எல்லாவற்றையும் மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். சேனல்களும் பெயர்களும் அப்படியே இருந்தன. பாட்டும் ஓடியது. அப்பாடா என்று டீ வாங்கி வரக் கீழே ஓடினேன்.

திரும்பி வந்தபோது நாற்காலியில் ஜமால் பாய். முதல் உபயதாரர் என்று அவரையும் அழைத்து வந்து முதலில் உட்கார வைத்திருந்தார்கள். பாட்டை ஒருமுறை முழுசாகக் கேட்டார். "நான் கடைல ஒக்காந்துக்கினு ரேடியோ கேக்கறவன். எனக்கு வார்த்த புரியணும். எம்பேர்ல இருக்கறத எறக்கிடறேன்" என்று சொல்லி, மவுஸைத் தராசைப் பிடிப்பதுபோல் பிடித்து, தன் பெயரில் இருந்த கட்டையைப் பாதிக்குக் கீழே கொண்டுபோனார். மஞ்சுளாவின் குரல் மேலே வந்தது. தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி.

அடுத்து தேசப்பன் வந்து தன் பம்பையை உச்சிக்கு ஏற்றினார். நான் டீ டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். குரல் அப்படியே இருந்தது. எத்திராஜ் உடுக்கையை ஏற்றினார். சலங்கை ஏறியது, சிம்பல் ஏறியது. குரல் அப்படியே இருந்தது. ஏற்றியவர்களோ தலையை ஆட்டி ஆட்டி ரசிக்கிறார்கள். "இப்பதான் நம்முது எழும்பி வருது" என்கிறார் ஒருவர். "எங்க உடுக்கைய கேட்டியா, இன்னா கணீர்னு கீது" என்கிறார் எத்திராஜ். அந்த வாரம் முழுக்க நான் சமன் செய்த அருமைதான் இது என்று எனக்குள் ஒரு கர்வம் கிளம்பியது. சிடி அப்படியே முடிவாயிற்று. மேடையில் மஞ்சுளாதான் என்றும் முடிவாயிற்று. டீயைக் குடித்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு எத்திராஜின் முகத்தைப் பார்த்தே தேசப்பன் சொன்னார்: "பாய் தன்னுத எறக்கிக் குடுத்தாரு. அதான் நம்ம எல்லாருதும் ஏறிச்சி."

சொல்லாமல் விட்டது

கடைசி நாள் மேடையில் மஞ்சுளா பாடினாள். லாரன்ஸ் நிஜ டிரம்ஸில், ஆசை தீர வியர்த்துக்கொண்டு வாசித்தார். நான் மணலில் உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டில் குரல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவதில் அவள் கூட்டத்தையே மறந்துவிட்டாள். பாடி முடித்ததும் கைதட்டுவதற்கு ஊர் கொஞ்சம் தாமதித்தது, தினம் பார்க்கிற பெண்ணுக்குக் கைதட்டலாமா என்று யோசித்தது மாதிரி. பிறகு தட்டினார்கள் பாருங்கள், நானும் மணலைத் தட்டிவிட்டு எழுந்து நின்று தட்டினேன்.

ஆவணி பிறந்ததும் பத்திரிகை வைக்க வந்தாள். நான் வழக்கம்போல, அந்த மிக்ஸிங்கை எப்படிச் செய்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். லாரன்ஸிடம் பல வாரமாக அளந்துகொண்டிருந்த அதே கதை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, அன்னிக்கு பாய் பேர்ல மட்டுந்தான் பச்ச லைட்டு எரிஞ்சிது. மத்தவங்க பேர்ல ஒண்ணு கூட எரியல" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டைத் திறந்து ஓடவிட்டேன்.

முதல் சேனலில், ஜமால் பாய் பெயரில், விளக்கு துள்ளிக்கொண்டிருந்தது. எத்திராஜ் பெயரில் இருட்டு. தேசப்பன் பெயரில் இருட்டு. வரிசை முழுக்க இருட்டு. அன்று அவசரத்தில் நான் ஏற்றியது ஒரே வழி உள்ள பிளக்-இன். பம்பை, உடுக்கை, சலங்கை எல்லாமே முதல் சேனல் வழியாகத்தான் வந்திருக்கின்றன. பாய் தன் பங்கை இறக்கியதாக நினைத்து ஊரின் மொத்தத் தாளத்தையும் இறக்கியிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும், பெயர் மட்டும் எழுதிய வெறும் கட்டையை உச்சிவரை ஏற்றிவிட்டு, ரசித்துத் தலையாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மானிட்டரில் தேசப்பன் வைத்த குங்குமம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே பாத்தியா நீ?" என்றேன். கதவோரம் நின்றவளுக்கு எல்லாமே தெரிந்ததாம். கம்பெனியில் நாள் முழுக்க, எந்த மிஷினில் எந்த விளக்கு எரியவில்லை என்று பார்ப்பதுதானே அவள் வேலை. அப்போதே ஏனம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லியிருந்தா நீங்க சரி பண்ணியிருப்பீங்களேண்ணா."

ஒவ்வொரு டிரம்முக்கும் தனி வழி போட்டுக் கொடுக்க வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான், ஆனால் என் தொழிலில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த வழியெல்லாம் அடைத்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நடந்தது.